பாரீஸ் அதிமேற்றிராணியாரைக் கொன்றவர் யார்?

சில திங்களுக்கு முன் நம் பகுதி வாசகசாலையில் ஒரு சொற்பொழிவு நடந்தது. பேச வந்த அன்பர், 1871-ஆம் ஆண்டில் பாரீஸ் நகரத் தொழிலாளர் தம் நகரை எழுபத்திரண்டு நாள் தாமே ஆண்ட வரலாற்றை மிக அழகாக எடுத்துரைத்தார். முடிவில் குரலை உயர்த்தி, “அங்கே பாதிரிகளின் தலைவனையே சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள், அதுவல்லவோ புரட்சி!” என்றார். கூடம் அதிரக் கைதட்டல் எழுந்தது. நாமும் கைதட்டினோம்.

வீடு திரும்பும் வழியில்தான் ஓர் ஐயம் எழுந்தது. சுடப்பட்டவர் யார்? அவர் பெயர் என்ன? அவர் செய்த குற்றம் யாது? பேசியவரும் சொல்லவில்லை, கேட்டவரும் கேட்கவில்லை. பெயர்கூடத் தெரியாத ஒருவருடைய சாவுக்கு நாம் கைதட்டியிருக்கின்றோம் என்னும் நினைவு நெஞ்சை உறுத்தியது. குருமார் ஆதிக்கத்தை எதிர்ப்பது வேறு. ஒரு குருவின் பிணத்தைக் கண்டு மகிழ்வது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டது நம் அறியாமையே.

அவ்வறியாமை நீங்க, அச்சம்பவத்தைப் பற்றி எழுதிய ஆசிரியர் சிலரைத் தேடினோம். ஒரே மரணத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கண்டிருக்கின்றனர். எவர் எழுத்து நேர்மையானது, எவர் எழுத்து ஒருதலைப்பட்சமானது, அதனை எவ்வாறு அறிவது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது யாது?

1870-இல் பிரஷ்யாவுடன் போர் தொடுத்த பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன், செடான் களத்தில் சரணடைந்தான். பாரீஸ் நகரம் நான்கு மாத காலம் முற்றுகையில் பட்டினி கிடந்தது. பின்னர் அமைந்த தேசிய சபையில் பெரும்பாலோர் முடியாட்சிப் பற்றுடையோர். அதன் நிர்வாகத் தலைவர் தியேர் என்னும் முதிய அரசியல்வாதி. 1871 மார்ச் 18-இல் மொன்மார்த்ர் குன்றிலிருந்த பீரங்கிகளைக் கைப்பற்ற அவர் படை அனுப்பியபோது நகரம் கிளர்ந்தெழுந்தது. அரசாங்கம் வெர்சேல்ஸ் நகருக்கு ஓடிற்று. 26-இல் தேர்தல், 28-இல் கம்யூன் பிரகடனம். ஏப்ரல் 2-இல் மதத்தையும் அரசையும் பிரித்து, குருமார்க்கு அரசாங்கப் பணத்திலிருந்து சம்பளம் இல்லையென்று கம்யூன் ஆணையிட்டது. சீர்திருத்தக்காரர் எவரும் வரவேற்கத்தக்க ஆணை இது.

அதே நாட்களில் உள்நாட்டுப் போரும் மூண்டது. ஏப்ரல் 3, 4 தேதிகளில் வெர்சேல்ஸ் நோக்கிப் புறப்பட்ட கம்யூன் படை முறியடிக்கப்பட்டது. சிறைப்பட்ட தளபதி டியூவால் விசாரணையின்றிச் சுடப்பட்டார். புளூரான்ஸ் வெட்டுண்டு மாண்டார். ஏப்ரல் 4-இல் பாரீஸ் அதிமேற்றிராணியார் கைது செய்யப்பட்டார். மறுநாள் கம்யூன் ஒரு சட்டம் செய்தது: வெர்சேல்ஸ் படை தம்மவருள் ஒருவரைக் கொன்றால், பாரீசில் பிடித்துவைத்த பிணையாட்களுள் மூவர் கொல்லப்படுவர் என்பதே அது.

அந்த அதிமேற்றிராணியாரின் பெயர் ஜார்ஜ் டார்புவா. 1813-இல் ஓட் மார்ன் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1863 முதல் பாரீசின் பேராயர். சக்கரவர்த்தியின் செனட் சபையில் அமர்ந்தவர் என்பது உண்மை; அரண்மனைக்கு நெருங்கியவர் என்பதும் உண்மை. ஆனால் ரோமாபுரியில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. போப்பாண்டவர் பிழை செய்யமாட்டார் என்னும் கொள்கையைச் சட்டமாக்கக் கூடிய 1869-70 ஆம் ஆண்டு வாத்திக்கன் மகாசபையில் அதனை எதிர்த்து நின்றவருள் இவர் முக்கியமானவர். இறுதி வாக்கெடுப்புக்கு முன்னரே ரோமை விட்டு வெளியேறினார். சட்டமானபின் பணிந்து ஏற்றுக்கொண்டார். கர்தினால் பதவி இவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. முற்றுகைக் காலத்தில் நகரத்தை விட்டு அகலாது காயம்பட்டோர்க்கும் ஏழைகட்கும் துணை நின்றார். குருமார் ஆட்சியின் கொடுமைக்கு உருவம் ஒன்று வேண்டுமென்று தேடிப் பிடித்தவர்கள், அதற்கு மிகவும் பொருந்தாத ஆளைப் பிடித்தனர் எனலாம்.

போலீஸ் அதிகாரத்தை ஏற்றிருந்த ரவூல் ரிகோ என்னும் இருபத்துநான்கு வயது இளைஞனிடம் அவர் கொண்டு நிறுத்தப்பட்டார். “என் மக்களே” என்று அவர் பேசத் தொடங்க, இங்கே மக்கள் இல்லை, நீதிபதிகளே உளர் என்னும் கருத்தில் ரிகோ வெட்டிப் பேசியதாகக் கூறுவர். மசாஸ் சிறைச்சாலையில் அவர் ஏழு வாரம் அடைபட்டார்.

அவரை விடுவிக்க வழி இருந்தது. தம் வாழ்நாளில் முப்பது ஆண்டுகட்கு மேல் சிறையிற் கழித்த புரட்சியாளர் பிளாங்கி, மார்ச் 17-இல், அதாவது எழுச்சிக்கு முந்திய நாளில், தியேர் அரசாங்கத்தாற் பிடிக்கப்பட்டிருந்தார். அவரைக் கொடுத்தால் அதிமேற்றிராணியாரைத் தருவோம் என்றது கம்யூன். டார்புவா தியேருக்குக் கடிதம் எழுதினார். அதனை எடுத்துச் சென்ற குரு லகார்ட், திரும்பி வருவேன் என்று கொடுத்த வாக்கைக் காவாமல் வெர்சேல்சிலேயே தங்கிவிட்டார். அமெரிக்கத் தூதர் வாஷ்பர்ன் சிறைக்குச் சென்று கைதியைக் கண்டார். இரு தரப்பாரிடமும் முயன்றார். இறுதியில், பிளாங்கி ஒருவருக்காகப் பிணையாட்கள் எழுபத்து நால்வரையும் விடுவதாகக் கம்யூன் சொல்லிற்று. தியேர் மறுத்துவிட்டார்.

மே 21-இல் வெர்சேல்ஸ் படை நகருக்குள் நுழைந்தது. தெருத்தெருவாகப் போர், பிடிபட்டவர்கள் கூட்டங்கூட்டமாகச் சுடப்பட்டனர். இரவில் பிணையாட்கள் லா ரொக்கெட் சிறைக்கு மாற்றப்பட்டனர். மே 24 மாலை, கம்யூனின் போலீஸ் பொறுப்பிலிருந்த தியோபில் ஃபெரேயின் கையெழுத்துப் பெற்ற கட்டளையுடன் ஒரு துப்பாக்கிப் படை வந்தது. அறுவர் அழைக்கப்பட்டனர்: அதிமேற்றிராணியார், மதலேன் கோவிலின் முதிய பங்குக் குரு டெகெரி, சேசு சபைக் குருக்கள் டியூகூத்ரே, கிளேர், காயம்பட்டோரைப் பேணிய ஆம்புலன்ஸ் குரு அல்லார், உயர்நீதிமன்றத் தலைவர் பொன்ஜான். சிறைமதிலின் உட்புற வழியில் அறுவரும் சுடப்பட்டனர். அன்றிரவே உடல்கள் பேர் லாஷேஸ் இடுகாட்டுக் குழியிற் போடப்பட்டன.

நிகழ்ச்சி இவ்வளவே. இனி எழுத்தாளரைப் பார்ப்போம்.

மார்க்ஸின் வாதம்

கார்ல் மார்க்ஸ் ‘பிரான்சில் உள்நாட்டுப் போர்’ என்னும் அறிக்கையை ஆங்கிலத்திலேயே எழுதினார். 1871 மே 30-இல், அதாவது பாரீஸ் வீழ்ந்த இரண்டாம் நாள், லண்டனில் அகில உலகத் தொழிலாளர் சங்கத்தின் பொதுக்குழுவில் அது படிக்கப்பட்டது. உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் கம்யூன்காரரைக் காட்டுவிலங்குகள் என்று தூற்றிக்கொண்டிருந்த வேளையில், தோற்றவர் பக்கம் நின்று ஒருவர் இவ்வாறு பேசியதற்கு மிகுந்த துணிவு வேண்டும். அதனை முதற்கண் ஒப்புக்கொள்கின்றோம்.

அதிமேற்றிராணியாரைப் பற்றி அவர் கூறுவதன் சாரம் இது: கம்யூன் பலமுறை பரிமாற்றத்துக்கு முன்வந்தது, தியேர் மறுத்தார். பிளாங்கியைக் கொடுத்தால் கம்யூனுக்குத் தலைமை கிடைத்துவிடும். அதிமேற்றிராணியாரோ உயிரோடிருப்பதைவிடப் பிணமாக இருந்தால்தான் தமக்குப் பயன்படுவார் என்று தியேர் கணக்கிட்டார். ஆதலின் உண்மையான கொலைகாரர் தியேரே. 1848 ஜூனில் நடந்ததையும் மார்க்ஸ் நினைவூட்டுகின்றார். அக்காலத்து அதிமேற்றிராணியார் ஆஃப்ரே, தொழிலாளர்க்கும் படைக்கும் நடுவே சமாதானம் பேச விரும்பி, ஜூன் 25-இல் பாஸ்டில் சதுக்கத்தருகே தடையரண்முன் சென்றபோது குண்டுபட்டு, 27-இல் இறந்தார். கிளர்ச்சிக்காரரே கொன்றனர் என்று தளபதி கவெய்ன்யாக்கின் கட்சியார் கூக்குரலிட்டனர். உடனிருந்த குருவோ, குண்டு அப்பக்கத்திலிருந்து வரவில்லை என்று சாட்சி கூறினார்.

இவ்வாதத்தில் பாதி மறுக்க முடியாதது. எழுபத்து நால்வர் உயிரை ஒரு கையெழுத்தால் காக்கக்கூடியவர் அக்கையெழுத்தை இட மறுத்தார். சமயத்தின் காவலர் என்று சொல்லிக்கொண்ட ஓர் அரசாங்கம் தன் அதிமேற்றிராணியாரை மரணத்தின் வாயில் விட்டு வைத்தது. மார்க்ஸ் இதனைத் துணிந்து கூறியிராவிடில், தியேர் சவ ஊர்வலத்தின் பின்னே கண்ணீரோடு நடந்த நல்லவராகவே சரித்திரத்தில் நின்றிருப்பார்.

மற்றப் பாதியைத்தான் நாம் ஏற்பதற்கில்லை. ‘உண்மையான கொலைகாரர்’ என்ற ஒரு சொல்லில், சுட்ட கைகளும் கட்டளையில் ஒப்பமிட்ட கையும் மறைந்துவிடுகின்றன. ஆம்புலன்ஸ் குரு அல்லாரை நினைத்துப் பாருங்கள். அவரைப் பிளாங்கிக்கு ஈடாக எவரும் தனியே கேட்கவில்லை. அவர் பிணத்தால் தியேருக்குத் தனிப்பட்ட இலாபமும் இல்லை. காயம்பட்டவர்க்கு ஊழியம் செய்த அம்மனிதர் அன்று மாலை ஏன் சாகவேண்டும்? மார்க்ஸின் வாதத்தில் இதற்கு விடை இல்லை. மேலும், 1848-இன் ஒப்புமை வாசகனை இழுத்துச் செல்லும் வேகத்தில் ஒரு பெரிய வேறுபாட்டை மறைக்கின்றது. ஆஃப்ரே தாமே நடந்து சென்று போரின் நடுவே வீழ்ந்தார். அக்குண்டு யாருடையது என்பது வாதத்துக்குரியது. டார்புவா சிறையிலிருந்து அழைத்துவரப்பட்டு, ஆயுதமின்றிச் சுவரோரம் நிறுத்தப்பட்டார். அக்குண்டு யாருடையது என்பதில் வாதமே இல்லை.

வழக்கறிஞர் பேச்சு என்ற அளவில் அவ்வறிக்கை ஒப்பற்றது. தீர்ப்பு என்று அதனைக் கொள்ளலாகாது. நம் மேடைகளில் அதனைத் தீர்ப்பாகவே படிக்கின்றனர் என்பதே நம் குறை.

டியூ காமின் சிறைச்சாலை

எதிர்த்தரப்பில் மாக்சிம் டியூ காம் என்பவரின் ‘பாரீசின் வலிப்புகள்’ புகழ்பெற்றது. 1878 முதல் 1880 வரை நான்கு பெரும் பாகங்களாக வெளிவந்தது. அந்த 1880-ஆம் ஆண்டிலேயே அவர் பிரெஞ்சு இலக்கியக் கழகத்தில் உறுப்பினரானார். முதற்பாகம் முழுவதும் சிறைச்சாலைகளைப் பற்றியது. ஓர் ஆசிரியர் எங்கிருந்து கதையைத் தொடங்குகின்றார் என்பதைக் கொண்டே அவர் உள்ளத்தை அறியலாம். பீரங்கியைக் கைப்பற்ற வந்த படையிலிருந்து தொடங்கினால் கதை ஒரு விதமாகும். பட்டினி முற்றுகையிலிருந்து தொடங்கினால் இன்னொரு விதமாகும். சிறைக் கதவிலிருந்து தொடங்கினாலோ, உள்ளே இருப்போர் யாவரும் குற்றமற்றோர், வெளியே நிற்போர் யாவரும் கொடியோர் என்று முதற்பக்கத்திலேயே தீர்ப்பாகிவிடும்.

டியூ காம் உழைப்பாளி. சிறைக் காவலரின் வாய்மொழிகளைத் திரட்டி, மணிக்கு மணி நடந்ததைச் சொல்கின்றார். பிணையாட்களின் பெயரும் நடையும் சொல்லும் அவர் எழுத்தில் உயிர் பெறுகின்றன. நாமும் படித்துக் கலங்கினோம். ஆனால் சுட்டவர்களைப் பற்றி அவர் கூறும் விளக்கம் யாது? குடி, பொறாமை, மூளைக் கோளாறு. இலட்சக்கணக்கான மக்கள் வாழும் நகரம் ஒன்று திடீரென்று பித்துப்பிடித்துவிட்டதாம்! பசித்தவனுக்கும் காரணம் இல்லை, தோழரைப் பறிகொடுத்தவனுக்கும் காரணம் இல்லை. காரணத்தைச் சொல்வது குற்றத்தை மன்னிப்பதாகும் என்று அவர் அஞ்சினார் போலும். காரணம் கூறுவது மன்னிப்பன்று. மறுபடியும் அது நேராமற் காக்கும் வழியே அது. நோயின் மூலத்தை ஆராயாமல் நோயாளியை ஏசுகின்ற மருத்துவனால் யாருக்குப் பயன்?

டியூ காமினும் மலிவான ஒரு வழியைக் கையாண்டவர் ஒயேன் அப்பேர் என்னும் நிழற்படக்காரர். ‘கம்யூனின் குற்றங்கள்’ என்ற வரிசையில், லா ரொக்கெட் சிறையில் அறுவரும் சுடப்படும் காட்சியை அவர் படமாக விற்றார். அன்று மாலை அங்கே நிழற்படக் கருவி எதுவும் இல்லை! கூலிக்கு நடிகரை அமர்த்தி நிறுத்திப் படமெடுத்து, உண்மையான ஆட்களின் தலைகளை வெட்டி ஒட்டிச் செய்த வேலை அது. நிழற்படம் பொய் சொல்லாது என்று உலகம் நம்பிய காலத்தில் அது எத்துணைபேர் மனத்தை மாற்றியிருக்கும்! நடந்த கொலையைச் சொல்வதற்குப் பொய்ப்படம் எதற்கு? உண்மை ஒன்றே போதுமான அளவு கொடியதாய் இருந்ததே! வேண்டியது துக்கமன்று, வெறுப்பு. அதற்காகவே படம் செய்யப்பட்டது.

லிசாகரேயின் நேர்மை

மூன்றாமவர் லிசாகரே. கம்யூன் பக்கம் நின்று பத்திரிகை நடத்தியவர், தடையரண்களிற் போரிட்டவர், தப்பி லண்டனில் அகதியாய் வாழ்ந்தவர். அவருடைய ‘1871-ஆம் ஆண்டுக் கம்யூனின் வரலாறு’ 1876-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் வெளிவந்தது. மார்க்ஸின் இளைய மகள் எலினார் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1886-இல் அம்மொழிபெயர்ப்பு அச்சாயிற்று. தம் தரப்பைப் புகழ்வதற்காகப் பொய்க்கதை புனைவது மக்களுக்குச் செய்யும் துரோகமே என்பதை முன்னுரையிலேயே அவர் வற்புறுத்துகின்றார். இந்நூலைத்தான் நாம் மிக விரும்பிப் படித்தோம்.

லிசாகரே கம்யூனை நேசிக்கின்றார், நேசித்துக்கொண்டே கண்டிக்கின்றார். பரிமாற்றத்தைத் தியேர் மறுத்த வரலாற்றையும் அவர் விடவில்லை; தம் தோழர்களின் திறமையின்மையையும் மறைக்கவில்லை. அவர் சொல்லும் ஒரு கருத்து நம்மைச் சிந்திக்க வைத்தது. கம்யூனின் கையில் மெய்யான பிணைகள் இருந்தன. அவை குருமார் அல்லர், பிரான்சு தேசத்துப் பாங்கியும் சொத்துப் பதிவேடுகளுமே என்கின்றார். கோடிக்கணக்கான பிராங்கு பாரீசின் நடுவே பாங்கிப் பெட்டகத்தில் கிடந்தது. அதன் வாயிலில் கம்யூன் தொப்பியைக் கழற்றி வணங்கி நின்றது. கிழக் குருக்களைச் சிறையில் அடைத்துத் தன் வீரத்தைக் காட்டிற்று. உண்மையான அதிகாரம் எங்கே இருக்கின்றது என்பதை அறியாதவர், அதிகாரத்தின் உடையை அணிந்தவரைப் பிடிப்பர். வெர்சேல்சிலிருந்த பணக்காரர்க்குப் பாங்கியைப் பற்றிய கவலை இருந்தது. அதிமேற்றிராணியாரைப் பற்றி இல்லை. இதனைக் கம்யூன் உணரவில்லை என்பதே லிசாகரேயின் குற்றச்சாட்டு.

இவரிடத்தும் குறை உண்டு. டார்புவா என்னும் மனிதர் இவர் நூலில் உயிர் பெறவில்லை. இவருடைய துயரம் முழுவதும் தம் தோழர்பாலது. நண்பர்களின் பிணங்களைத் தாண்டி ஓடி வந்தவரிடம் நாம் அதற்கு மேல் எதிர்பார்க்கலாமா? எனினும் தம் பக்கத்துப் பிழையைத் தாமே எழுதிய அந்த ஒரு தகுதியால், மற்ற இருவரினும் இவரை நாம் நம்புகின்றோம். எதிரியின் குற்றத்தை எழுத எந்தப் பேனாவுக்கும் மை கிடைக்கும்.

பெயரும் தொகையும்

தோட்டத்து எழுத்து மேசையில் செக்ரோல் எழுதிப் பிழைப்பவர் நாம். பெயருக்கும் எண்ணுக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். பெயராகப் பதியப்பட்டவன் சம்பள நாளில் வந்து கேட்பான். எண்ணாக மட்டும் பதியப்பட்டவன் கேட்க முடியாது.

அந்த மே மாதத்தில் பெயராகப் பதியப்பட்டவர் சிலர். எண்ணாகப் பதியப்பட்டவர் ஆயிரமாயிரம் பேர். லா ரொக்கெட்டில் மாண்ட அறுவரின் பெயரையும் மேலே எழுதினோம். வெர்சேல்ஸ் படையால் மாண்ட பாரீஸ் மக்களின் பெயரை எவர் எழுதுவார்? அவர்கள் தொகையே இன்றுவரை முடிவாகவில்லை. இருபதினாயிரம் என்பது நெடுங்காலமாக வழங்கிவந்த கணக்கு. 2012-இல் ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் டூம்ஸ் இடுகாட்டுப் பதிவுகளை ஆராய்ந்து, 5,700 முதல் 7,400 வரை என்று குறைத்துக் கூறினார். குறைந்த தொகையைக் கொண்டாலும், ஒரு வாரத்தில் ஒரு நகரத்தில் தம் நாட்டுப் படையாலேயே மாண்டவர் அத்தனை பேர்! மே 28-இல் பேர் லாஷேஸ் இடுகாட்டு மதிலோரம் நூற்று நாற்பத்தேழு பேர் ஒருங்கே சுடப்பட்டனர். நான்கு நாட்களுக்கு முன் அதிமேற்றிராணியாரின் உடல் போடப்பட்டதும் அவ்விடுகாட்டிலேதான்.

அதிமேற்றிராணியார்க்கு நோத்ர் தாம் பேராலயத்தில் அரசாங்க மரியாதையுடன் அடக்கம் நடந்தது, சிலையும் நிற்கின்றது. மதிலோரம் மாண்டவர்க்கு ஒரு கல்வெட்டு. இரண்டிடத்தும் ஆண்டுதோறும் மலர் வைப்போர் உளர். இரண்டிடத்தும் மலர் வைப்போர் மிகச் சிலரே. திருச்சபையின் கணக்கிலும் ஒரு செய்தி உண்டு. மே 26-இல் ஆக்சோ தெருவில் பிணையாட்கள் ஏறத்தாழ ஐம்பதின்மர் கூட்டத்தாற் கொல்லப்பட்டனர். அவருட் குருக்கள் ஐவரை 2023 ஏப்ரல் 22-இல் முத்திப்பேறு பெற்றோராகத் திருச்சபை அறிவித்தது. ஆனால் போப்பாண்டவரின் கொள்கையை எதிர்த்து நின்ற டார்புவா அவ்வரிசையில் இல்லை. எக்கட்சியாரும் தம் இறந்தோரைத் தேர்ந்தெடுத்தே நினைக்கின்றனர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

முன்னரே எழுதியவர்

இறுதியாக ஒருவரைக் கூறவேண்டும். மேற்சொன்ன மூவரும் பிணம் விழுந்தபின் எழுதினர். விக்டர் ஹ்யூகோ பிணம் விழுமுன் எழுதினார். 1871 ஏப்ரலில், பிணையாட்கள் சட்டம் பிறந்த சில நாட்களில், பழிக்குப்பழி வேண்டாம் என்னும் பொருளுடைய தலைப்பில் அவர் ஒரு கவிதை வெளியிட்டார். 1872-இல் வந்த ‘பயங்கர ஆண்டு’ என்னும் தொகுதியில் அது இடம்பெற்றது. ஹ்யூகோ குருமார்க்கு நண்பரல்லர். நெடுங்காலம் அவர்களை எதிர்த்தவர். ஆயினும் எதிரியின் உயிருக்காகத் தம் நண்பரிடம் வாதாடினார்.

இதனை எவரும் செய்யலாமே, பிரஸ்ஸல்ஸ் நகரில் பத்திரமாக இருந்துகொண்டு உபதேசம் செய்வது எளிதன்றோ என்று கேட்பீர்கள். நாமும் முதலில் அவ்வாறே நினைத்தோம். ஆனால் மே மாத இறுதியில், கம்யூன்காரர் நாய்களைப்போல் வேட்டையாடப்பட்டபோது, தப்பி வருவோர்க்கு என் வீட்டில் இடமுண்டு என்று அதே ஹ்யூகோ பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். அன்றிரவே ஒரு கூட்டம் வந்து அவர் வீட்டின்மேற் கல்லெறிந்தது. சில நாளில் பெல்ஜிய அரசாங்கம் அவரை நாடுகடத்திற்று. ஏப்ரலில் பிணையாட்களுக்காகப் பேசியவர், மே மாதத்தில் அவர்களைக் கொன்ற கட்சியாருக்காகவும் பேசினார். கொள்கை ஒன்றே, காக்கப்பட வேண்டியவர் மட்டும் மாறினர். இதுவே எழுத்தின் நீதி. மற்றவர்களின் எழுத்தை இந்த உரைகல்லில் உரைத்தே நாம் மதிப்பிட்டோம்.

நம் முடிவு

கொன்றவர் யார் என்று கேட்டோம். ஒருவர் அல்லர். ஏப்ரல் 5-ஆம் தேதிச் சட்டத்துக்குக் கை தூக்கியவர், எழுபத்து நால்வரை விலைபேச மறுத்த தியேர், வாக்குக் காவாத லகார்ட், கட்டளையில் ஒப்பமிட்ட ஃபெரே, சுட்டவர், டியூவாலைச் சுட்டுப் பழியைத் தொடங்கி வைத்த தளபதிகள் — இவர் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு பங்கு உண்டு. பங்குகள் சமமும் அல்ல. இவற்றைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டுவதே எழுத்தாளன் கடமை. முழுப் பழியையும் ஒரு தலையிற் சுமத்துவது, எந்தக் கட்சியின் பெயரால் நடந்தாலும், படிப்பவரை ஏமாற்றுவதே.

சீர்திருத்தம் பேசுவோர் இதில் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. பிணையாள் என்பவன் யார்? தான் செய்ததற்காக அல்லாமல், தான் சேர்ந்த கூட்டம் செய்ததற்காகத் தண்டிக்கப்படுபவன். அவன் தனி மனிதனாக என்ன நினைத்தான், யாருக்கு உதவினான் என்று எவரும் கேட்பதில்லை. எந்த வரிசையில் நிற்கின்றான் என்பதே கேள்வி. தோழர்களே, இது நமக்குப் புதிதா? ஒருவன் குணத்தைப் பாராமல் அவன் கூட்டத்தைப் பார்த்துக் கிணற்றடியில் விலக்கியதும், கோவில் வாயிலில் நிறுத்தியதும் எந்த நியாயத்தால்? அந்த நியாயத்தை எதிர்த்தன்றோ நாம் இயக்கம் நடத்துகின்றோம்! சாதியின் நியாயத்தை எதிர்ப்பவர் பிணையாளின் நியாயத்துக்குக் கைதட்டுவது எங்ஙனம் பொருந்தும்? புரோகிதத்தை ஒழிப்போம், அதன் சலுகையை, சம்பளத்தை, பள்ளிக்கூடத்தின்மேல் அதற்குள்ள பிடியை ஒழிப்போம். ஏப்ரல் 2-ஆம் தேதி ஆணை அதனைச் செய்தது. அதற்கு ஒரு துளி இரத்தமும் வேண்டியிருக்கவில்லை. மே 24-ஆம் தேதிக் குண்டுகளோ குருமார் செல்வாக்கில் ஓர் அணுவையும் குறைக்கவில்லை. சில ஆண்டுகளில் மொன்மார்த்ர் குன்றின் உச்சியிலேயே, பீரங்கிகள் நின்ற இடத்தில், மாபெரும் கோவில் ஒன்று எழுந்தது. 1875-இல் அடிக்கல், 1919-இல் அபிஷேகம். இன்றும் பாரீஸ் நகரத்தின் எப்புறத்திலிருந்து நோக்கினும் அது தெரிகின்றது.

வாசகசாலைகளில் கம்யூனைப் பற்றிப் பேசுவோர் மார்க்ஸோடு லிசாகரேயையும் படித்துவிட்டுப் பேசுவாராக. தொழிலாளர் ஆண்ட அந்த எழுபத்திரண்டு நாளைப் புகழும்போது நாமும் மகிழ்ந்து கைதட்டுவோம். அதிமேற்றிராணியாரின் சாவைச் சொல்லும் இடம் வரும்போது, டார்புவா என்று அவர் பெயரையும், அல்லார் என்று அந்த ஆம்புலன்ஸ் குருவின் பெயரையும், மதிலோரம் மாண்ட நூற்று நாற்பத்தேழு பேரின் தொகையையும் சேர்த்தே சொல்லட்டும். அவ்விடத்தில் கைதட்ட வேண்டுவதில்லை.